பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் துணைக்கருவி



செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டில், பாறையைக் குடைந்து செய்த கோயில் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகூட அதன் இரு பக்கமும் நிற்கிற வாயிற்காவலர் சிலைகளைப் பார்த்திருக்கும். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்னே முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் எடுத்த கோயில் அது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சாந்து இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலை எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கட்டடம் என்றால் இவையெல்லாம் வேண்டும் என்று இருந்த காலத்தில், அவை ஒன்றும் இல்லாமலே கோயில் எழுந்தது. பொருள் குறைந்தது என்று வேலை நிற்கவில்லை, வழிதான் மாறியது.

இதற்கும் குடும்ப நலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. காது கேட்டால்தான் பாடம் புரியும், கண் தெரிந்தால்தான் எழுத்து வரும், கால் நடந்தால்தான் பள்ளிக்குப் போக முடியும் என்று நாம் எண்ணிக்கொண்டு இருக்கிறோம். அதனால்தான் அப்படி ஒரு குறையோடு பிள்ளை பிறந்துவிட்டால், “இதுக்குப் படிப்பு எதுக்குங்க, வூட்டோட இருக்கட்டும்” என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு தவறு. அறிவு போய்ச் சேர வேறு வழிகள் உண்டு. அந்த வழிகளைத் திறந்து கொடுப்பவைதான் துணைக்கருவிகள். அவற்றைப் பற்றி இந்த வெளியீட்டில் பார்ப்போம்.

துணைக்கருவி என்றால் என்ன?

பிள்ளையால் செய்ய முடியாத ஒரு காரியத்தைச் செய்யவோ, சிரமப்பட்டுச் செய்கிறதை எளிதாக்கவோ உதவுகிற எந்தப் பொருளும் துணைக்கருவிதான். தாத்தா ஊன்றுகிற கைத்தடியும் துணைக்கருவி. நீங்கள் போட்டிருக்கிற மூக்குக்கண்ணாடியும் துணைக்கருவி. கண்ணாடி போட்டவரை யாரும் மாற்றுத்திறனாளி என்று சொல்வதில்லை. அதே போலத்தான் காதுக்கருவியையும் சக்கர நாற்காலியையும் பார்க்கவேண்டும்.

உலகத்தில் 250 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு ஏதாவது ஒரு துணைக்கருவி தேவைப்படுகிறது என்றும், அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் 2022-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நம் தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஆகவே, “ஊருல யாருக்கும் இல்லாத குறை நமக்கு மட்டும் வந்துடிச்சே” என்று கண் கலங்க வேண்டியதில்லை. மற்ற வீடுகளிலும் உண்டு. பலர் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

“தானா சரியாயிடும்” என்று காத்திருக்கலாமா?

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சை நினைத்துப் பாருங்கள்.

“ஏங்க, பாப்பாவுக்கு ஒன்றரை வயசு ஆவுது. அம்மான்னுகூட சொல்லலியே. பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது.”

“எங்க அப்பாவே அஞ்சு வயசுலதான் பேசினாராம். பேச்சு தானா வரும், வுடு.”

“இல்லீங்க, நர்சம்மாகிட்ட ஒருவாட்டி காமிச்சிட்டு வந்துடலாம்.”

இந்தப் பேச்சில் யார் சொல்வது சரி? மனைவி சொல்வதுதான் சரி. குழந்தையின் மூளை பேச்சைக் கற்றுக்கொள்ளும் வேகம் முதல் சில ஆண்டுகளில்தான் மிக அதிகம். அந்தக் காலத்தில் காதில் ஒலி விழாவிட்டால், பிறகு கருவி வாங்கி மாட்டினாலும் பேச்சு வருவது கடினமாகிவிடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பிறந்த 1 மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா என்ற முடிவு, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள ஒழுங்கு. அந்த வயது தாண்டிவிட்டது என்றாலும் மனம் தளர வேண்டாம். தெரிந்த அன்றே புறப்படுங்கள்.

கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

1. பிறந்த குழந்தை பெரிய சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும். 6 மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும்.

2. 3 மாதத்தில் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

3. 4, 5 மாதத்தில் தலை நிற்க வேண்டும். 9 மாதத்தில் பிடிப்பில்லாமல் உட்கார வேண்டும். ஒன்றரை வயதில் நடக்க வேண்டும்.

4. ஒரு வயதை ஒட்டி ஓரிரு சொல். இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் தா” என்று இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும்.

இவற்றில் ஒன்று பின்தங்கினாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ சொல்லுங்கள். காதைச் சோதிக்கும்போது குழந்தையின் கண்ணில் படாமல் பின்னால் நின்று கூப்பிடவேண்டும். நிழலையோ கையசைவையோ பார்த்துத் திரும்பினால் காது கேட்கிறது என்று ஏமாந்துவிடுவோம். கதவை ஓங்கிச் சாத்தினால் திரும்புகிறதே என்றும் விட்டுவிடக் கூடாது. தரை அதிர்வது உடம்புக்குத் தெரியும். அதைக் காது கேட்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

காதுக்கு

காதுக்கருவி என்பது ஒரு சிறு ஒலிபெருக்கி. அதில் உள்ள ஒலிவாங்கி வெளிச்சத்தத்தை வாங்கும், நடுவில் உள்ள பகுதி அதைப் பெருக்கும், காதுக்குள் பொருத்திய அச்சு வழியாகச் சத்தம் உள்ளே போகும். பிள்ளைக்கு எந்த அளவு கேட்கவில்லை என்று சோதித்து, அந்த அளவுக்குத் தக்கபடி கருவியைத் திருத்தி வைப்பார்கள். ஆகவே, அக்கம்பக்கத்தில் ஒருவர் போட்டு வைத்திருந்த கருவியை வாங்கி மாட்டுவது கூடாது. அடுத்தவர் கண்ணாடியை வாங்கிப் போடுகிற மாதிரிதான் அது.

குழந்தை வளர வளரக் காதும் வளரும். போன ஆண்டு எடுத்த காது அச்சு இந்த ஆண்டு தளர்ந்துவிடும். தளர்ந்தால் ‘கீ’ என்று விசில் சத்தம் வரும். அப்போது கருவி கெட்டுவிட்டது என்று தூக்கி வைக்காமல், புது அச்சு எடுத்துக் கொள்ளவேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கருவியைக் கழற்றி வையுங்கள். இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வையுங்கள்.

வகுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. மின்விசிறிச் சத்தம், பக்கத்து வகுப்புப் பாட்டு, பெஞ்சு இழுக்கும் சத்தம் எல்லாவற்றையும் கருவி சேர்த்தே பெருக்கும். அதனால் பிள்ளையை முன் வரிசையில், ஆசிரியர் முகமும் உதடும் தெரிகிற இடத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசும்படி ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். ஆசிரியர் கழுத்தில் சின்ன ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு பேச, அது கம்பியில்லாமல் பிள்ளையின் கருவிக்கு நேரே போய்ச் சேரும் வகையும் இருக்கிறது.

காதுக்கருவியாலும் பயன் இல்லாத அளவுக்குச் செவி குறைந்த சிறு குழந்தைகளுக்கு, உட்செவியில் மின்முனை பொருத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. பல லட்ச ரூபாய் ஆகும் இந்தச் சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துச் சிறு குழந்தைகளுக்குச் செய்து தரப்படுகிறது. வயது ஏற ஏறப் பயன் குறையும் என்பதால் பள்ளியில் சேர்க்கும் வரை காத்திருக்கக் கூடாது. அறுவை முடிந்த மறுநாளே பிள்ளை பேசிவிடும் என்று எண்ணவும் கூடாது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி கொடுத்தால்தான் பலன் உண்டு. சென்னையில் 1969-ல் தொடங்கப்பட்ட பாலவித்யாலயா பள்ளி, காது கேளாத பச்சிளங் குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் சேர்த்தே பயிற்சி தருகிறது. அங்கே முதல் ஆசிரியை தாய்தான். சமைக்கும்போது, துவைக்கும்போது, நெல் காயப்போடும்போது எல்லாம் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும்.

பேச்சு வராத பிள்ளைக்குச் சைகை மொழியும் ஒரு முழு மொழிதான். அதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்களும் கற்றுக்கொண்டால் பிள்ளை வீட்டிலேயே தனிமைப்படாது.

கண்ணுக்கு

கரும்பலகை தெரியாத பிள்ளையை, “படிக்கத் துப்பில்லை” என்று திட்டுகிறோம். பல பிள்ளைகளுக்குத் தேவை ஒரு கண்ணாடி மட்டுமே. பள்ளியில் கண் பரிசோதனைக்கு வரும்போது பிள்ளை விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று பயந்து கழற்றி வைக்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். கண்ணைவிடக் கண்ணாடி கேவலமா?

கண்ணாடி போட்டும் பார்வை குறைவாக உள்ள பிள்ளைக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, பெரிய எழுத்துப் புத்தகம், கனமான மையால் கோடிட்ட நோட்டு, புத்தகத்தைச் சாய்த்து வைக்கும் பலகை ஆகியவை உதவும். சாய்வுப் பலகையை ஊர்த் தச்சரே அரை நாளில் செய்துவிடுவார். வெயில் கண்ணில் விழாத இடத்தில், பலகைக்கு அருகே உட்காரவைக்க வேண்டும்.

பார்வை அறவே இல்லாத பிள்ளைக்கு விரல்தான் கண். பிரெய்லி எழுத்தைக் கண்டுபிடித்தவர் கதையைக் கேளுங்கள். லூயி பிரெய்லி பிரான்சு நாட்டுக் கிராமத்துப் பிள்ளை. 1809-ல் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் தைக்கும் ஊசியை வைத்து விளையாடியபோது கண்ணில் குத்திக்கொண்டார். ஒரு கண்ணில் தொடங்கிய சீழ் மற்றதையும் கெடுத்தது. அந்தப் பெற்றோர் பிள்ளையை மூலையில் உட்காரவைக்கவில்லை. பத்து வயதில் பாரிசு நகரத்துப் பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பினார்கள். போர்வீரர்கள் இருட்டில் தடவிப் படிக்க ஒருவர் செய்திருந்த புள்ளி எழுத்தைச் சுருக்கி, 1824-ல், தம் 15-ஆம் வயதில், ஆறே புள்ளியில் எல்லா எழுத்தையும் அடக்கினார் லூயி. இன்று தமிழும் அந்த ஆறு புள்ளியில்தான் எழுதப்படுகிறது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லி 1951-ல் வகுக்கப்பட்டது.

பிரெய்லி எழுதத் தேவையானவை கனமான தாள், கட்டங்கள் உள்ள சட்டம், ஓர் எழுத்தாணி. வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போய், தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பார்கள். கணக்குப் போட டெய்லர் பலகை உண்டு. நடக்க வெள்ளைக் கோல் உண்டு. அது முன்னால் உள்ள பள்ளத்தையும் படியையும் சொல்லிவிடும். கோலை எப்படி வீசி நடப்பது என்று சிறப்புப் பயிற்றுநர் கற்றுத்தருவார்.

இப்போது கைப்பேசியும் துணைக்கருவி ஆகிவிட்டது. திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக்காட்டும் வசதி பெரும்பாலான தொடுதிரைக் கைப்பேசிகளிலேயே இருக்கிறது; தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கணினித் திரையை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை, பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006-ல் உருவாக்கத் தொடங்கினார். அது இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால் கேட்டுப் படிப்பது மட்டும் போதாது. எழுத்துப் பிழையில்லாமல் எழுதப் பிரெய்லியும் தெரிந்திருக்க வேண்டும்.

கை காலுக்கு

கால் வலுவிழந்த பிள்ளைக்குத் தாங்குகட்டை, காலிபர் என்னும் கால்தாங்கி, நடைச்சட்டம், சக்கர நாற்காலி எனப் பல வகை உண்டு. எது ஏற்றது என்பதை மருத்துவரும் இயன்முறைப் பயிற்சியாளரும் பார்த்துச் சொல்லவேண்டும். பெரியவர் நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்தால் முதுகு வளைந்து போகும். பாதம் தொங்கக் கூடாது. மிதிபலகையில் பதிந்திருக்க வேண்டும். நெடுநேரம் ஒரே பக்கம் உட்கார்ந்தால் புண் வரும். குஷன் போட்டு, அவ்வப்போது உடம்பைத் தூக்கி அமரச் சொல்லுங்கள். காலிபர் போடும் காலில் சிவந்த இடம் இருக்கிறதா என்று தினமும் கழற்றியதும் பாருங்கள்.

நாற்காலி வந்துவிட்டால் மட்டும் போதாது, வாசற்படி இருக்கிறதே! சாய்தளத்துக்குக் கணக்கு இதுதான்: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அரை அடிப் படிக்கு ஆறு அடி. செங்குத்தாகக் கட்டினால் நாற்காலி பின்னால் சாய்ந்துவிடும். பள்ளியில் சாய்தளம் இருந்தும் அதன் முன்னே மணல் குவித்து வைத்திருப்பதுண்டு. கழிப்பறைக்குப் போக வழி இல்லாததாலேயே பெண் பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றுவிடுவதுண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். நீங்களும் அந்தக் குழுவில் உறுப்பினர் ஆகலாம்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு உடம்பு நிலையாக நின்றால்தான் கை வேலை செய்யும். மேசைப்பலகை சேர்ந்த சிறப்பு நாற்காலி அதற்குத்தான். பென்சில் பிடிக்க வராவிட்டால், பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். தட்டு நழுவாமல் இருக்க ஈரத்துணியை அடியில் விரியுங்கள். காசு செலவில்லாத கருவிகள் இவை.

நம் மாநிலத்தில் இதற்கான ஆராய்ச்சியும் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. செய்த, எழுந்து நிற்கவைக்கும் ‘அரைஸ்’ நாற்காலி 2019-லும், ஒவ்வொருவர் உடம்புக்கும் அளவெடுத்துச் செய்யும் ‘நியோஃப்ளை’ நாற்காலி 2020-லும் வெளிவந்தன.

பேச்சுக்கும் அறிவு வளர்ச்சிக்கும்

எல்லாம் புரிந்தும் வாய் பேச வராத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குப் படப்பலகை செய்து கொடுக்கலாம். சோறு, தண்ணீர், கழிப்பறை, வலி, அம்மா, விளையாட்டு என்று ஓர் அட்டையில் படம் ஒட்டுங்கள். பிள்ளை கையாலோ கண்ணாலோ காட்டும். இதையே மின்கருவியாக்கி, படத்தைத் தொட்டால் குரல் பேசும்படி செய்ததுதான் ‘ஆவாஸ்’. சென்னையைச் சேர்ந்த பொறியாளர் அஜித் நாராயணன், வித்யாசாகர் நிறுவனத்துப் பிள்ளைகளோடு பழகி அதை உருவாக்கினார். படப்பலகை கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். சொல்ல வந்ததைச் சொல்லிவிட முடிகிற பிள்ளைக்கு அழுகையும் கோபமும் குறையும்.

அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளைக்கு, ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்து, படம் காட்டிக் கற்பிக்க வேண்டும். எழுத்துகள் இடம் மாறித் தெரிகிற, வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு மணலில் எழுதிப் பழக்குவதும், கேட்டுப் படிக்கவைப்பதும் பலன் தரும். அப்படிப்பட்ட பிள்ளை சோம்பேறியும் அல்ல, மக்கும் அல்ல.

வாங்கிய கருவி பீரோவில் இருக்கலாமா?

முகாமில் கொடுத்த காதுக்கருவியைத் துணியில் சுற்றிப் பீரோவில் பூட்டி வைத்து, உறவினர் வந்தால் எடுத்துக் காட்டுகிற வீடுகள் உண்டு. “விலை ஒசந்த சாமானாச்சே, பையன் ஒடைச்சிட்டா என்னா பண்றது?” என்பார்கள். நகை என்றால் பூட்டலாம். கருவி பூட்டிக் கிடக்கிற ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு ஒரு நாள் பாடம் போய்விடுகிறது. உடைந்தால் பழுது பார்க்கலாம். போன வயது திரும்பாது.

வேறு சிலர், மாட்டிய முதல் நாளே பிள்ளை அழுதது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். புதுச் செருப்பும் முதல் நாள் கடிக்கத்தானே செய்யும்? முதலில் கால் மணி, பிறகு அரை மணி என்று கூட்டிக்கொண்டு போகவேண்டும். வலியோ புண்ணோ இருந்தால் மட்டும் கழற்றிவிட்டு, கொடுத்த இடத்துக்கே எடுத்துப் போங்கள். வளர்கிற பிள்ளைக்குக் கருவியின் அளவும் மாறும். ஆண்டுக்கு ஒரு முறையாவது காட்டுவது நல்லது.

எங்கே கேட்பது?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறையுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. 18 வயது வரை புத்தகமும் ஏற்ற துணைக்கருவியும் விலையில்லாமல் தரவேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே, “எதாச்சும் பாத்துக் குடுங்கய்யா” என்று கையேந்த வேண்டியதில்லை. உரிமையோடு கேளுங்கள்.

செய்யவேண்டிய வரிசை இது:

1. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டுங்கள். 2013 முதல் நடக்கும் இந்தத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை சோதனை இலவசம். குறை தெரிந்தால் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள்.

2. மருத்துவ முகாமிலோ அரசு மருத்துவமனையிலோ சான்று பெற்று, தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளையின் படம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

3. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் மதிப்பீட்டு முகாம் எப்போது என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டில் வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு.

4. கருவி, உதவித்தொகை, பேருந்துச் சலுகை ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

5. பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முதல் நாள் ஓடினால் கிடைக்காது.

பலகை வைத்துப் பணம் கேட்டு, “வாய் பேச வெக்கிறேன், கால் நடக்க வெக்கிறேன்” என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். காதில் சூடான எண்ணெயோ பச்சிலைச் சாறோ ஊற்றாதீர்கள், உள்ளதும் கெட்டுவிடும்.

கிராமத்தில் இது நடக்குமா?

நடந்திருக்கிறது. தென்காசி அருகே ஆயிக்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். சொந்த ஊருக்குத் திரும்பிய அவர், 1981-ல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், ஒரு சில பிள்ளைகளோடு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் தசைநோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் சேர்ந்துகொண்டார். இன்று அந்தச் சங்கம் பள்ளியும், கருவி செய்யும் பட்டறையும், சுற்றியுள்ள கிராமங்களில் வீடு தேடிப் போய்ப் பச்சிளங் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் பணியாளர்களும் கொண்டு நடக்கிறது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நகரத்தில் இருந்தால்தான் வழி உண்டு என்பதற்கு இது நல்ல மறுமொழி.

அடுத்த குழந்தையைப் பற்றி

குறையோடு பிள்ளை பிறந்தால் பழி முழுவதும் தாய்மேல் விழுகிறது. “இவ வந்த நேரம்” என்று மாமியார் சொல்வதும், கணவன் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதும் பெரும் அநியாயம். பிறவிக் குறைகள் பலவற்றில் வித்து அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் சமமாக வருவது. கிரகணமோ, கண்ணேறோ, முன்வினையோ காரணம் அல்ல. கணவன்மாரே, அந்த நேரத்தில் மனைவி பக்கம் நிற்கவேண்டியவர் நீங்கள்தான்.

தடுக்கக்கூடியவற்றைத் தடுக்கலாம்:

அக்காள் மகள், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணம் முடித்தால், பிறவிச் செவிட்டுத்தன்மை போன்ற சில குறைகள் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஏற்கெனவே மணம் ஆகியிருந்தால் பயந்து ஒடுங்க வேண்டாம். கருத்தரிக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி ஆலோசனை பெறுங்கள்.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா அம்மை கண்டால் குழந்தையின் கண், காது, இருதயம் மூன்றும் கெடலாம். தமிழ்நாட்டில் 2017-ல் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது. இப்போது எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமான தடுப்பூசியில் அது உண்டு. கால்களை முடக்கிய இளம்பிள்ளைவாதம் தடுப்பு மருந்தால்தான் போயிற்று. இந்தியாவில் இயற்கையாகப் பரவிய அக்கிருமியால் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. பல்ஸ் போலியோ முகாமுக்கு வரிசையில் நின்ற தாய்மாரின் வெற்றி அது.

ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்குவது நல்லது. குழந்தையின் தண்டுவடம் முதல் மாதத்திலேயே உருவாகி மூடிவிடுகிறது. அயோடின் உப்பு சேருங்கள். பிரசவம் மருத்துவமனையில் நடக்கட்டும். பிறந்த குழந்தை அழத் தாமதித்தாலோ, மஞ்சள் காமாலை கடுமையானாலோ மூளையும் காதும் கெடலாம். அங்கே உடனே கவனிப்பார்கள்.

குறையுள்ள பிள்ளை இருக்கும்போது உடனே அடுத்தது வந்தால் இரண்டுக்கும் கவனிப்புக் குறையும். மூன்று ஆண்டு இடைவெளி விடுங்கள். “அடுத்ததாச்சும் நல்லா பொறக்கட்டும்” என்று அவசரப்பட்டு, இருக்கிற பிள்ளையைக் கைவிட வேண்டாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

நினைவில் கொள்ளுங்கள்

செய்யத்தக்கவை: சந்தேகம் வந்த அன்றே காட்டுங்கள். அளவுக்கு ஏற்ற கருவியைக் கேட்டுப் பெறுங்கள். தினமும் பயன்படுத்தவையுங்கள். ஆசிரியரோடு பேசுங்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளையைக் கூட்டிப்போங்கள்.

செய்யத்தகாதவை: ஒளித்து வைக்காதீர்கள். செவிடு, நொண்டி, குருடு என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள், மற்றவர் கூப்பிட்டாலும் தடுங்கள். பெண்தானே என்று கருவிக்கும் படிப்புக்கும் தள்ளிப்போடாதீர்கள். கண்ட கண்ட மருந்து கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை வீட்டோடு இருப்பது தெரிந்தால், இந்த வெளியீட்டை அந்த வீட்டில் படித்துக் காட்டுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, பள்ளிக் கல்வி உதவிக்கு 14417 ஆகிய எண்களில் கேட்கலாம். நாளை காலை நர்சம்மா வரும் நாளா என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

பிள்ளைக்குக் கருவி துணை. கருவிக்குப் பெற்றோர் துணை.